ஒன்பதாவது கிளாக்கில் பதில் வந்ததா?

ஃபர்ம்வேர் எழுதப் பழகும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ கடைசி ஆண்டில் இருப்பீர்கள். சிலர் எம்பெடட் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். உங்கள் வயதுக்காரர்கள் எழுதும் புரோகிராம்களைப் படித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. பெரும்பாலும் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் ஐ2சி பஸ்ஸில் சென்சரோடு பேசும் இடம் வந்ததும் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பைட்டை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமலே அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஆர்டுயினோவில் எழுதுபவர்கள் வயர் லைப்ரரியின் ‘எண்ட் டிரான்ஸ்மிஷன்’ ஃபங்ஷனைத் தினமும் கூப்பிடுகிறீர்கள். அது வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஓர் எண்ணோடு திரும்புகிறது. 0 என்றால் எல்லாம் சரி. 1 என்றால் பஃபர் கொள்ளாத அளவுக்கு டேட்டா கொடுத்திருக்கிறீர்கள். 2 என்றால் கூப்பிட்ட முகவரியில் யாரும் பதில் தரவில்லை. 3 என்றால் முகவரிக்குப் பதில் வந்தது, அடுத்து அனுப்பிய பைட்டுக்கு வரவில்லை. 4 வேறு ஏதோ கோளாறு, 5 காத்திருந்த நேரம் கடந்துவிட்டது. இத்தனையையும் சொல்லத் தயாராக இருக்கும் ஃபங்ஷனைத் தனி வரியில் எழுதி, செமிகோலன் போட்டு முடித்துவிடுகிறீர்கள். எஸ்டிஎம்32-இன் ஹால் லைப்ரரியும் இதேபோல ஒரு நிலையைத் திருப்பித் தருகிறது. லினக்ஸும் எர்ரர் எண் தருகிறது. வாங்கிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதை வயர் மட்டத்தில் பார்த்துவிடலாம். பார்த்தவர்கள் அதை அலட்சியம் செய்வது குறைவு என்பது என் அனுபவம்.

ஐ2சி 1982-இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. டிவிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்புகளை அதிக வயர் இழுக்காமல் ஒன்றோடொன்று பேசவைப்பதே நோக்கம். அந்த செமிகண்டக்டர் பிரிவுதான் பிற்பாடு தனியாகப் பிரிந்து என்எக்ஸ்பி ஆனது. வயர் இரண்டே இரண்டு: டேட்டாவுக்கு எஸ்டிஏ, கிளாக்குக்கு எஸ்சிஎல். இரண்டிலும் ஒரே விதி. எந்தச் சிப்பும் வயரைக் கீழே இழுக்கலாம், மேலே தள்ளக் கூடாது. மேலே கொண்டுபோவது புல்-அப் ரெசிஸ்டரின் பொறுப்பு. நீங்கள் பார்க்கும் பெரும்பாலான போர்டுகளில் 4.7 கிலோ ஓம். ஆக, யாரும் தொடாவிட்டால் வயர் 1. யாராவது ஒருவர் இழுத்தாலும் 0. ஐ2சி-யின் நல்லதும் கெட்டதும் எல்லாம் இந்த விதியிலிருந்தே கிளம்புகின்றன.

எஸ்சிஎல் மேலே இருக்கும்போது எஸ்டிஏ கீழே இறங்கினால் அது ஸ்டார்ட். அடுத்து ஏழு பிட் முகவரி. எட்டாவது பிட் எழுத வந்திருக்கிறேனா, படிக்க வந்திருக்கிறேனா என்று சொல்கிறது. இதுவரை பேசியது கன்ட்ரோலர், அதாவது உங்கள் மைக்ரோகன்ட்ரோலர். (பழைய டேட்டாஷீட்களில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருக்கும், 2021-இல் வந்த விதிநூலில் கன்ட்ரோலர், டார்கெட்.) ஒன்பதாவது கிளாக்குக்கு முன் கன்ட்ரோலர் எஸ்டிஏவிலிருந்து கையை எடுத்துவிடுகிறது. அந்த முகவரிக்குரிய சிப் பஸ்ஸில் இருந்தால், இப்போது அது எஸ்டிஏவைக் கீழே இழுத்து, கிளாக் மேலே போய்த் திரும்பி வரும்வரை பிடித்திருக்க வேண்டும். பிடித்தால் ஏக். பிடிக்காவிட்டால் நேக். அதன்பின் போகும் ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் இப்படி ஓர் ஒன்பதாவது கிளாக் உண்டு.

லேபில் ஆசிலோஸ்கோப் இருந்தால் எஸ்டிஏவில் புரோபை வைத்து இந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுதும்போது எட்டாவது பிட் 0, வயர் கீழே கிடக்கும். கன்ட்ரோலர் விடும் கணத்துக்கும் டார்கெட் பிடிக்கும் கணத்துக்கும் நடுவே எஸ்டிஏ லேசாகத் தலைதூக்கி மறுபடி விழுவது பல போர்டுகளில் தெரியும். அதற்குப் பிறகு வரும் கீழ்மட்டமும் முன்பிருந்த கீழ்மட்டமும் ஒரே கோட்டில் இருக்காது. சற்று ஏற்ற இறக்கம் இருக்கும். இழுக்கும் டிரான்சிஸ்டர் வேறு, அதன் வலு வேறு. வயரை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள் என்பதை அந்த வித்தியாசத்தை வைத்தே சொல்லிவிடலாம். லாஜிக் அனலைசர் இதைக் காட்டாது. அதற்கு 0, 1 தவிர வேறெதுவும் தெரியாது. பஸ் தொங்கிப்போய், பிடித்திருக்கும் சிப் எது என்று தேட வேண்டிய நாளில் இந்தக் கண் மிகவும் உதவும்.

இப்போது நேக்கை யோசித்துப் பாருங்கள். நேக் என்று ஒரு சிக்னல் கிடையாது. யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் அதற்குப் பெயர் நேக். அந்த முகவரியில் சிப்பே இல்லை என்றாலும் நேக்தான். சிப் இருக்கிறது, ஆனால் வேறு வேலையில் இருக்கிறது என்றாலும் நேக்தான். அனுப்பிய கட்டளை புரியவில்லை, இனி வாங்க இடமில்லை, சால்டரிங் விட்டுப்போயிருக்கிறது, சப்ளை வரவில்லை, எல்லாவற்றுக்கும் அதே மௌனம். ‘மாட்டேன்’ என்பதற்கும் ‘ஆளே இல்லை’ என்பதற்கும் பஸ்ஸில் வேறுபாடு இல்லாததால், அதைப் பிரித்து அறியும் கடமை ஃபர்ம்வேர் எழுதுபவரிடம் வந்துவிடுகிறது.

அந்தக் கடமையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? டிஎம்பி102 என்ற வெப்பநிலை சென்சரை எடுத்துக்கொள்வோம். ஹெக்ஸ் 48-இல் உட்கார்ந்திருக்கும், இரண்டு பைட் கொடுக்கும், அதில் 12 பிட் வெப்பநிலை, ஒரு படி 0.0625 டிகிரி. சென்சரின் வயர் கழன்றுவிட்டது என்று வையுங்கள். உங்கள் புரோகிராம் ஏக்கைப் பார்க்காமல் தொடர்ந்து கிளாக் கொடுத்துப் படிக்கிறது. வயரை இழுக்க யாரும் இல்லை, புல்-அப் மேலேயே வைத்திருக்கிறது, பதினாறு பிட்டும் 1. ஆர்டுயினோவில் வேறு வழியாக அதே இடத்துக்கு வருவீர்கள்: படிக்க ஒன்றுமில்லாதபோது ‘ரீட்’ ஃபங்ஷன் -1 தரும், இரண்டு -1-ஐ ஒன்று சேர்த்தால் மறுபடி -1. அந்த -1-ஐ 0.0625-ஆல் பெருக்குகிறீர்கள். திரையில் -0.1 என்று வரும். முழு எண்ணாக மாற்றிக் காட்டுபவர்களுக்கு 0 டிகிரி.

இது குளிர்பதனப் பெட்டிக்கான போர்டு என்றால் அந்த எண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். 3000 டிகிரி என்று காட்டியிருந்தால் பார்த்தவுடன் யாராவது கேட்டிருப்பார்கள். பூஜ்யம் அங்கே நம்பத் தகுந்த எண். உள்ளே ஐஸ் உருகி, வைத்திருக்கும் பொருள் கெட்டுக்கொண்டிருக்கும். வெளியே திரை அமைதியாகப் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வகையையும் பார்த்திருக்கிறேன்: படிப்பது தோற்றால் பழைய மதிப்பை அப்படியே வைத்துக்கொள்ளும் புரோகிராம். அது இன்னும் மோசம். கடைசியாக எது நன்றாக இருந்ததோ அதையே மணிக்கணக்கில் காட்டும். ‘சென்சர் பதில் தரவில்லை’ என்று காட்ட உங்கள் திரையில் ஓர் இடம் வேண்டும். இரண்டு கோடுகள் போட்டாலும் போதும். வாடிக்கையாளர் கேட்கவில்லை என்று அதை விடாதீர்கள். அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, உங்களுக்குத் தெரியும்.

இது பாதி விஷயம். மறுபாதி, ஏக் வந்துவிட்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பது. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ என்று ஒரு குரல் வருகிறதே, ஏக் அவ்வளவுதான். குரல் கொடுத்தவன் பாடத்தைக் கவனிக்கிறானா என்பது அந்தக் குரலில் இல்லை. சில நேரம் குரல் கொடுத்தது அவன்தானா என்பதும் இல்லை.

24எல்சி256 என்ற ஈஈபிராம் உங்கள் லேபிலேயே இருக்கும். அதில் டபிள்யூபி என்று ஒரு பின் உண்டு, எழுத்துத் தடைக்கு. அந்தப் பின் மேலே கட்டப்பட்டிருக்கும்போது நீங்கள் எழுதினால், முகவரிக்கு ஏக் தரும், டேட்டாவுக்கும் ஏக் தரும். உள்ளே ஒரு பைட்டும் மாறியிருக்காது. டேட்டாஷீட்டில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று பேஜ் எல்லை. 24சி02-இல் ஒரு பேஜ் 8 பைட். பேஜின் தொடக்கத்திலிருந்து ஒரே மூச்சில் 12 பைட் அனுப்பினால், கடைசி நான்கும் அடுத்த பேஜுக்குப் போகாது; அதே பேஜின் தொடக்கத்துக்குச் சுற்றி வந்து முதல் நான்கின் மேல் உட்காரும். பன்னிரண்டுக்கும் ஏக் வரும். பஸ்ஸைப் பொறுத்தவரை எந்தத் தவறும் நடக்கவில்லை. கேலிப்ரேஷன் மதிப்புகளை இப்படி இழந்த போர்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வழி இல்லை.

இதே ஈஈபிராம் மௌனத்தை நல்ல விதமாகவும் பயன்படுத்துகிறது. எழுதக் கொடுத்து ஸ்டாப் போட்டதும் அது உள்ளே எழுதும் வேலையைத் தொடங்கும். அதிகபட்சம் 5 மில்லிசெகண்ட். அதுவரை தன் முகவரியைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே ஸ்டார்ட், முகவரி, ஏக் வந்ததா. வரவில்லையா, மறுபடி ஸ்டார்ட், முகவரி என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஏக் வந்த கணத்தில் எழுதி முடித்துவிட்டது என்று பொருள். ஏக் போலிங் என்பார்கள். இதற்குப் பதிலாக 10 மில்லிசெகண்ட் டிலே போட்டுவிட்டுச் சும்மா நிற்கும் புரோகிராம்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சிப் தானாகவே சொல்ல வருவதை அது கேட்கவிடாமல் செய்கிறது.

முகவரி விஷயத்துக்கு வருகிறேன். ஏழு பிட்டுக்கு 128 முகவரி. அதில் 16 வேறு காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டவை, மிச்சம் 112. ஆயிரக்கணக்கான வகைச் சிப்புகள் இந்த 112-க்குள் வாழ வேண்டும். மோதல் வராமல் எப்படி இருக்கும்? டிஎஸ்1307 கடிகாரச் சிப் ஹெக்ஸ் 68-இல் இருக்கிறது, மாற்ற முடியாது. எம்பியு6050 அசைவு சென்சரும் அதே 68. இரண்டும் மாணவர் புராஜெக்டுகளில் தினமும் சந்தித்துக்கொள்பவை. இரண்டையும் ஒரே பஸ்ஸில் போட்டால் ஏக் அருமையாக வரும், ஏனென்றால் இருவரும் சேர்ந்தே இழுப்பார்கள். படிக்கும்போது இருவரின் பிட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, யாராவது ஒருவர் 0 சொன்ன இடமெல்லாம் 0 ஆகும். கடிகாரமும் இல்லாத, அசைவும் இல்லாத ஓர் எண் கிடைக்கும். எர்ரர் மட்டும் வராது. நல்லவேளையாக எம்பியு6050-இல் ஏடி0 பின்னை மேலே கட்டினால் 69-க்கு நகர்ந்துவிடும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பல மாட்யூல்களில் கூடவே ஓர் ஈஈபிராம் ஹெக்ஸ் 57-இல் இருக்கிறது. நாடித்துடிப்பு பார்க்கும் மேக்ஸ்30102-க்கும் 57 மட்டுமே. கடிகாரம்தானே என்று நினைத்துச் சேர்ப்பீர்கள், மோதுவது நீங்கள் மறந்துபோன ஈஈபிராமோடு.

முகவரியை நகர்த்தப் பின் இல்லாத இடத்தில் டிசிஏ9548ஏ போன்ற மல்டிபிளெக்ஸர் போடலாம், ஒரு பஸ்ஸை எட்டாகப் பிரித்துத் தரும். அல்லது மைக்ரோகன்ட்ரோலரில் இருக்கும் இரண்டாவது ஐ2சி-யைப் பயன்படுத்தலாம். இதில் சொல்ல அதிகம் இல்லை. போர்டு போடுவதற்கு முன்பே முகவரிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

ஆனால் ஏழு பிட்டா எட்டு பிட்டா என்ற குழப்பத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சின்ன ஓஎல்ஈடி திரையின் பின்பக்கம் 78, 7ஏ என்று அச்சடித்திருப்பார்கள். ஆர்டுயினோவில் அதே திரைக்கு 3சி என்று கொடுக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். 3சி என்பது ஏழு பிட் முகவரி. அதை ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி, கடைசியில் எழுது-படி பிட்டுக்கு இடம் விட்டால் 78. ஆர்டுயினோவும் லினக்ஸும் ஏழு பிட்டைக் கேட்கும். எஸ்டிஎம்32 ஹால் ஏற்கெனவே தள்ளிய மதிப்பைக் கேட்கும். ஆர்டுயினோவில் ஓடிய புராஜெக்டை எஸ்டிஎம்32-க்கு மாற்றும்போது 3சி-யை அப்படியே கொடுத்தால், வயரில் போகும் முகவரி 1ஈ. வழக்கமாக நேக் வந்து நிற்கும், நீங்களும் தப்பித்தீர்கள். ஆனால் அதே போர்டில் எச்எம்சி5883எல் காம்பஸ் இருந்தால்? அதன் முகவரி சரியாக 1ஈ. அது ஏக் கொடுத்து, திரைக்குப் போக வேண்டிய கட்டளையை வாங்கிக்கொள்ளும். முதல் பைட் 00. அதைத் தன் முதல் ரெஜிஸ்டரின் எண்ணாக எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் திரைக் கட்டளை அந்த ரெஜிஸ்டருக்குள் போய் விழும். திரையும் வராது, காம்பஸின் அமைப்பும் கெட்டிருக்கும், எல்லா ஃபங்ஷனும் ‘ஓகே’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பல சிப்புகளில் அடையாள எண்ணுக்கென்று தனி ரெஜிஸ்டர் வைத்திருக்கிறார்கள். எம்பியு6050-இல் ‘ஹூ ஆம் ஐ’ ரெஜிஸ்டரைப் படித்தால் 68 வர வேண்டும். பிஎம்பி280-இல் டி0 ரெஜிஸ்டரில் 58, பிஎம்இ280-இல் 60. ஈரப்பதமும் பார்க்கும் பிஎம்இ280 என்று சொல்லி, பார்க்காத பிஎம்பி280-ஐ விற்பது நம் கடைகளிலும் ஆன்லைனிலும் நடக்கிறது. இரண்டும் ஒரே முகவரியில் ஏக் தரும். அந்த ஒரு பைட்டைப் படித்தவருக்கு வாங்கிய அன்றே தெரிந்துவிடும். போர்டு ஆன் ஆனதும் ஒவ்வொரு சிப்பிடமும் அடையாளம் கேளுங்கள், பிறகு வேலை கொடுங்கள்.

யார் எந்த முகவரியில் இருக்கிறார்கள் என்று தெரியாதபோது ஸ்கேனர் ஓட்டுகிறோம். ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டு, ஏக் வந்தவற்றைப் பட்டியல் போடும் புரோகிராம். படிக்கும்போது நல்ல பயிற்சி. ஆனால் வெறுமனே பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் யாருக்கும் தீங்கில்லை என்று நினைக்காதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸில் சென்சர்களைத் தேடும் புரோகிராம் ஒன்றை ஐபிஎம் தின்க்பேட் லேப்டாப்புகளில் ஓட்டியவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. அந்த லேப்டாப்புகள் பலவற்றில் ஏடி24ஆர்எஃப்08 என்ற அட்மெல் ஈஈபிராம் இருந்தது. முகவரி, எழுதும் பிட், ஏக், உடனே ஸ்டாப் என்ற, டேட்டாவே இல்லாத கூப்பிடுதலில் அந்தச் சிப் தடுமாறித் தன் உள்ளடக்கத்தைக் கெடுத்துக்கொண்டது. மெஷினின் அடிப்படை விவரங்கள் அதில்தான் இருந்தன. கெட்டுப்போனதும் லேப்டாப் பூட் ஆக மறுத்தது. இன்றைக்கும் ஐ2சி-டிடெக்ட் புரோகிராமின் மேனுவலைத் திறந்தால் அந்தச் சிப்பின் பெயரைச் சொல்லி எச்சரிக்கை இருக்கிறது. 50 முதல் 5எஃப் வரையுள்ள முகவரிகளை அது எழுதும் பிட்டால் கூப்பிடாமல் படிக்கும் பிட்டால் கூப்பிடுவது இதனால்தான். இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த ஏற்பாட்டை எடுக்கவில்லை என்பது எனக்கு அவர்கள்மேல் மரியாதையைத் தருகிறது. விற்பனைக்குப் போகும் ஃபர்ம்வேருக்குள் ஸ்கேனரை வைக்காதீர்கள். உங்கள் போர்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

மற்ற பஸ்களில் வேலை கிடைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரில் ஓடும் கேன் பஸ்ஸை பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. அதில் சிப்புக்கு முகவரியே கிடையாது, செய்திக்குத்தான் எண். அனுப்பியவர் ஏக் இடத்தில் வயரை விடுவார். சிஆர்சி சரியாக வந்தது என்று கண்ட எந்த நோடும் அதை இழுக்கலாம். ஆகவே அங்கே ஏக் என்பதற்கு ‘யாரோ ஒருவருக்குப் பழுதில்லாமல் கிடைத்தது’ என்றுதான் பொருள். உங்களுக்கு வேண்டியவருக்குக் கிடைத்ததா என்பது தெரியாது. மேசைமேல் ஒரே ஒரு நோடை வைத்துக்கொண்டு செய்தி அனுப்பினால், ஏக் தர ஆளில்லாமல் அது அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் சிப் பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

ஆலைகளில் மின்மீட்டர், டிரைவ் என்று எங்கும் இருக்கும் மோட்பஸ் 1979-இல் வந்தது. ஆர்எஸ்485 வயரில் 1 முதல் 247 வரை முகவரி. 0 என்றால் எல்லோருக்கும், அதற்கு யாரும் பதில் தரக் கூடாது. அதன் பதிலில் ஒரு நேர்மை இருக்கிறது. செய்ய முடியாததைக் கேட்டால், ஃபங்ஷன் எண்ணின் மேல் பிட்டை ஏற்றி, காரணத்தையும் சேர்த்து அனுப்பும். அப்படியொரு ஃபங்ஷனே என்னிடம் இல்லை, அந்த ரெஜிஸ்டர் இல்லை, அந்த மதிப்பு செல்லாது. ‘வாங்கிக்கொண்டேன், முடிக்க நேரமாகும்’ என்பதற்குக்கூட 5 என்று ஓர் எண் உண்டு. ஐ2சி-யில் ஒரே மௌனத்துக்குள் அடைத்துவைத்த அத்தனை காரணங்களும் இங்கே பிரித்துச் சொல்லப்படுகின்றன. விலை நேரம்; பல பைட்டும் சிஆர்சியும் போய் வர வேண்டும். டிவிப் பெட்டிக்குள் ஒரு சாண் தூரத்துக்கு அது தேவைப்படவில்லை.

ஐ2சி-யில் ஏக் வந்ததால் பைட் பழுதில்லாமல் போனது என்றும் ஆகாது. பேரிட்டி இல்லை, சிஆர்சி இல்லை. நடுவில் ஒரு பிட் சத்தத்தில் புரண்டாலும் ஏக் வரும். ஐ2சி-யை ஒட்டி 1995-இல் வந்த எஸ்எம்பஸ்ஸில், வேண்டுமென்றால் ஒரு செக் பைட் சேர்த்துக்கொள்ளலாம். டார்கெட் எவ்வளவு வேலையில் இருந்தாலும் தன் முகவரிக்கு ஏக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அது கட்டாயப்படுத்தியது. காரணம், அதில் பேசும் லேப்டாப் பேட்டரி கழற்றக்கூடிய பொருள். மௌனத்துக்கு ‘பேட்டரி இல்லை’ என்ற ஒரே பொருள் இருக்க வேண்டும். எஸ்எச்டி3எக்ஸ் வகை ஈரப்பத சென்சர்கள் ஒவ்வொரு இரண்டு பைட்டுக்கும் ஒரு சிஆர்சி தருகின்றன. கொடுக்கிறார்கள், நாம் பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள்.

கடைசியாக, ஒரு நேக் தவறே அல்ல. அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். படிக்கும்போது இடம் மாறுகிறது: டேட்டா தருவது டார்கெட், ஒன்பதாவது கிளாக்கில் பதில் சொல்ல வேண்டியது கன்ட்ரோலர். இன்னும் வேண்டும் என்றால் ஏக், போதும் என்றால் நேக். 8051-இல் பிட்-பேங் செய்து எழுதுபவர்கள் கடைசி பைட்டுக்கும் ஏக் கொடுத்துவிடுவதுண்டு. டார்கெட் ‘இன்னொன்று கேட்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த பைட்டின் முதல் பிட்டை வயரில் வைத்துவிடும். அந்தப் பிட் 1 என்றால் தப்பித்தீர்கள். 0 என்றால் எஸ்டிஏ கீழே மாட்டிக்கொள்ளும். ஸ்டாப் போட எஸ்டிஏ மேலே ஏற வேண்டும், ஏறாது. சில நாள் ஓடுகிறது, சில நாள் தொங்குகிறது, சென்சர் மதிப்பைப் பொறுத்து மாறுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

படித்துக்கொண்டிருக்கும் நடுவில் கன்ட்ரோலர் ரீசெட் ஆனாலும் இதே கதி. வாட்ச்டாக் அடிக்கிறது, மின்சாரம் ஒரு நொடி தொய்கிறது, மைக்ரோகன்ட்ரோலர் புதிதாகத் தொடங்குகிறது. சென்சருக்கு ரீசெட் இல்லை. அது 0 ஒன்றை வெளியே வைத்தபடி அடுத்த கிளாக்குக்காகக் காத்திருக்கிறது. ஸ்டார்ட் போட முடியாமல் பஸ் உறைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் சரியாகும். தொலைவில் ஒரு மோட்டார் ரூமில் மாட்டிய போர்டுக்கு அது யாரால் முடியும்? விதிநூல் சொல்லும் வழி: எஸ்சிஎல்-இல் ஒன்பது கிளாக் வரை கொடுங்கள். அதற்குள் எங்கோ ஓரிடத்தில் டார்கெட் தன் எட்டு பிட்டை முடித்து, உங்கள் பதிலுக்காக வயரை விடும். நீங்கள் இழுக்கவில்லை, ஆகவே அது நேக்காகப் படித்து, பேச்சை முடித்துக்கொண்டு விலகும். உடனே ஸ்டாப் போட்டுவிடலாம்.

இதை லேபில் செய்து பார்ப்பது சுலபம். சென்சரைத் தொடர்ந்து படிக்கும் புரோகிராமை ஓடவிட்டு, ரீசெட் பட்டனை வேகமாகப் பல தடவை அழுத்துங்கள். ஏதோ ஒரு தடவை பஸ் உறையும். அப்போது புரோபை எஸ்டிஏவில் வைத்து, கீழ்மட்டத்தின் உயரத்தைப் பார்த்து யார் பிடித்திருப்பது என்று கண்டுபிடியுங்கள். பிறகு ஒன்பது கிளாக் கொடுக்கும் ஃபங்ஷனை எழுதி, ஐ2சி பெரிஃபெரலை ஆன் செய்வதற்கு முன்னால் கூப்பிடுங்கள். ஆன் செய்துவிட்டால் அந்தப் பின்களைச் சாதாரணப் பின்னாக ஆட்ட முடியாது. ஒவ்வொரு கிளாக்குக்குப் பிறகும் எஸ்டிஏ மேலே வந்ததா என்று பாருங்கள். ஒன்பதும் முடிந்து வரவில்லை என்றால், சென்சரின் சப்ளையை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக நிறுத்திப் போடும் வசதி அடுத்த போர்டில் வேண்டும் என்று ஹார்டுவேர் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களுக்குச் சில வருடம் முன்னால் இந்த வேலைக்கு வந்த ஒருவன்